சூப்பர்ஹீரோ விடுதிப் பள்ளி ரோல்ப்ளே: மனதை விட்டு அகலாத வகுப்பு எது?

கடைசிப்பெஞ்ச்:

ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, இணையத்தில் முறைவைத்துப் பதிவு போட்டுக் கதையை வளர்க்கும் ரோல்ப்ளேயில் மூன்று ஆண்டுகள் எழுதினேன். எந்தச் சண்டையும் நினைவில் இல்லை. எத்தனை கட்டடங்களை இடித்தோம், எந்த வில்லனை யார் வீழ்த்தினார்கள் என்று கேட்டால் விழிப்பேன். ஒரு இயற்பியல் வகுப்பு மட்டும் இன்னும் உறுத்துகிறது.

ஆங்கிலத்தில் நடந்த பள்ளி. எழுதியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தார்கள். கோடைக்காலத்தில் அவர்களுக்கு இரவு எட்டு மணி என்றால் நமக்கு அதிகாலை ஐந்தரை. பால் பாக்கெட் வருவதற்குள் எழுந்து என் பதிவைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். என் பாத்திரம் பறக்கத் தெரிந்த பையன். எதற்கும் முந்திக்கொண்டு விடை சொல்பவன்.

ஆசிரியரை எழுதியவர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் 90 மீட்டர் விழுந்துவிட்டார். அவரை அரை விநாடியில் பிடித்து நிறுத்துகிறீர்கள். என்ன ஆகும்? 1973இல் வந்த ஸ்பைடர்மேன் இதழில் பாலத்திலிருந்து விழுந்து, அவன் வலையால் பிடித்தும் இறந்துபோன அவன் காதலி க்வென் ஸ்டேசியைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பூர்வீகமும் தெரியும். மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் வேகம் விநாடிக்கு 42 மீட்டர். அரை விநாடியில் நிறுத்த, புவியீர்ப்பைச் சேர்க்காமலே 4,200 நியூட்டன் விசை வேண்டும். அவருடைய எடையைப் போல எட்டரை மடங்கு. காலை மட்டும் பிடித்து நிறுத்தினால் கழுத்து சொடுக்கிவிடும்.

அதே வகுப்பில் கைகளை ரப்பர்போல நீட்டும் சக்தி கொண்ட ஒரு பையன் இருந்தான். அவனை எழுதியவர் இப்படி எழுதினார்: "அவன் கை தூக்கினான். அப்படியானால், பிடித்ததுதான் கொன்றதா, சார்?"

விடை தெரிந்த வேகத்தில், "ஆமாம். கூடவே கொஞ்ச தூரம் கீழே போய் நிறுத்தும் நேரத்தை நீட்டியிருந்தால் பிழைத்திருப்பாள்" என்று என் பையனைச் சொல்லவைத்தேன்.

மறுநாள் காலை அவருடைய பதிவு இருந்தது. "அவன் நோட்டை மூடினான். பேனா மூடியைத் தேடினான். கிடைக்கவில்லை. திறந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே போனான்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பாத்திரத்தின் முன்கதை இருக்கும் சுயவிவரத்தைத் திறந்து படித்தேன். தங்கை, மொட்டை மாடி, நீட்டிய கை, எல்லாம் அதில் இருந்தது. அவர் அதன்பின் எழுதவே இல்லை. சில மாதங்களில் தளமும் மூடப்பட்டது. புண்பட்டது பாத்திரமா, எழுதியவரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சிவப்புமை:

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நான் மறுபக்கத்தில் இருந்தவள். தளத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர், நெறியியல் ஆசிரியை, விடைத்தாள் திருத்துபவள் எல்லாம் நானே.

பருவத்தேர்வு வைத்தோம். ஒரே கேள்வி: பிறர் மனதைக் கேட்கும் சக்தி உள்ள மாணவி மற்றவர்களோடு அமர்ந்து தேர்வெழுதுவது நியாயமா? பதினோரு பேர் விடைத்தாளை அவரவர் பாத்திரத்தின் கையெழுத்திலேயே எழுதியதுபோலப் பதிவிட வேண்டும். பத்துப் பேர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மனதைக் கேட்கும் அந்தப் பெண்ணின் பாத்திரம் மட்டும் மூன்றே வரி எழுதியது, எழுத்துப் பிழைகளோடு. 31 மதிப்பெண் போட்டு, "முயற்சி போதாது" என்று குறித்தேன்.

அன்றிரவே அவரிடமிருந்து தனிமடல் வந்தது. "நான்கு நாள் எழுதினேன். அடித்த வரிகளைப் படித்தீர்களா?"

நான் கைப்பேசியில் படித்திருந்தேன். அடித்தல் போட்ட எழுத்துகள் வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்ததால் படிவத்தில் மிச்சமிருந்த வரிகள் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். கணினியைத் திறந்து பார்த்தால் அரைப் பக்கம். "எனக்குத் தனி அறை கொடுங்கள். பக்கத்தில் இருப்பவள் அழுகிறாள். அவளுடைய விடை எனக்குக் கேட்கவில்லை, அழுகைதான் கேட்கிறது." அத்தனையையும் எழுதி, அத்தனையையும் அடித்து, அதன் கீழே ஆசிரியைக்குக் காட்டத் துணிந்த அந்த மூன்று வரி.

மதிப்பெண்ணை மாற்றுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அவளுடைய ஆசிரியை அதைப் படிக்கவில்லை. இனி அதுவும் அவள் கதை."

அவருடைய கதைக்கு அது பொருந்தியிருக்கலாம். எனக்கு இன்றும் பொருந்தவில்லை. இப்போது அலுவலகத்தில் எந்தக் கோப்பு வந்தாலும் அடித்த வரிகளைத்தான் முதலில் படிக்கிறேன்.

நான்காம்மாடி:

கடைசிப்பெஞ்ச், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும், சுயவிவரம் படிக்காமல் ஒருவருக்கு விடை சொன்னது தவறு. அதைவிடப் பெரிய தவறு அந்த ஆசிரியரை எழுதியவருடையது. விழுந்து சாகும் கணக்கைப் பலகையில் போடுவதற்கு முன், வகுப்பில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று அவர் பார்த்திருக்க வேண்டாமா?

என் கதை சிறியது. சக்தியுள்ளவர்களை அரசு பதிவு செய்வது சரியா என்று ஒரு வரலாற்று வகுப்பு எடுத்தேன், 1,400 சொற்களில். ஒரே ஒரு மறுமொழி வந்தது: "அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்." மூன்று வாரம் கழித்து, அந்த வகுப்பின் பதிவுகள் இருந்த திரியைப் பூட்டினேன். அந்த ஒரு வரியைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் வகுப்பு நடத்தப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். முதலில், ஆள் எண்ணிக்கை. 1963இல் எக்ஸ்மென் காமிக்ஸின் முதல் இதழ் வந்தபோது பேராசிரியர் சேவியரின் பள்ளியில் மாணவர்கள் ஐந்தே பேர். எழுத்தில் நடக்கும் வகுப்புக்கும் அதுதான் தாங்கும். மை ஹீரோ அகடமியா என்ற மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், ஒன்று-ஏ வகுப்பில் இருபது பேர் என்பதால் இருபது இடம் திறக்கிறார்கள். மங்காவில் ஓர் ஓவியர் இருபது முகத்தையும் ஒரே கட்டத்தில் வரைந்துவிடுவார். எழுத்தில் இருபது பேரும் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஏழாமவர் ஊருக்குப் போய்விட்டால் எட்டாமவர் முதல் எல்லோரும் தொங்கலில். ஆகவே மூன்று நாளில் எழுதாதவரைத் தாண்டிப் போகலாம் என்று முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, ஒரே விடையுள்ள கேள்வி கேட்காதீர்கள். யாருக்கு முதலில் விடிகிறதோ அவர் சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு எழுத எதுவும் மிஞ்சாது. இருவர் இருவராகப் பிரித்து வேலை கொடுங்கள். "மாணவர்கள் வாயடைத்துப் போனார்கள்" என்று ஆசிரியர் எழுதவே கூடாது. அடுத்தவருடைய பாத்திரத்தின் வாயை அடைக்க நமக்கு உரிமை இல்லை. ஒரு பள்ளி நாளை இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இழுத்தால் பருவத்தேர்வு வருவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். பதிவின் நீளத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். சிவப்புமை, நீங்கள் செய்தது ஏறக்குறைய அதுதான்.

பென்சில்முனை:

நாங்கள் இணையத்தில் எழுதுபவர்கள் இல்லை. சனிக்கிழமைகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து மாஸ்க்ஸ் ஆடுகிறோம். மேக்பை கேம்ஸ் வெளியிட்ட, இளம் சூப்பர்ஹீரோக்களாக நடித்துப் பகடை உருட்டும் ஆட்டம். தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எண்ணோடு கூடிய ஐந்து அடையாளங்கள்: ஆபத்து, விசித்திரம், மீட்பர், மேன்மை, சாதாரணம். பெரியவர்களுக்கு நம்மீது செல்வாக்கு உண்டு. அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லும் சொல்லால் ஓர் எண் ஏறும், இன்னொன்று இறங்கும்.

என் பெண் அதிர்வலைகளை எழுப்பக்கூடியவள். அவளுக்கு வேண்டியதெல்லாம் சாதாரணம் என்ற கட்டத்தில் ஒரு நல்ல எண். பெற்றோர் சந்திப்பு நாள். கணிதத்தில் அவள்தான் முதலிடம். துணைத் தலைமையாசிரியர் மதிப்பெண் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "மதிப்பெண் இருக்கட்டும் அம்மா. இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகள் எப்படி நிம்மதியாகப் படிப்பார்கள்?"

ஆபத்து ஒன்று ஏறியது. சாதாரணம் பூஜ்யத்திலிருந்து கீழே போனது. "மறுக்கிறாயா?" என்று ஆட்டத்தை நடத்துபவர் கேட்டார். இரண்டு பகடைகளை உருட்டி அந்தச் சொல்லை ஏற்காமல் எதிர்த்து நிற்க விதி இடம் தருகிறது. பகடை என் கையில்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டு, "இல்லை, அவர் சொல்வது சரிதான்" என்றேன்.

பலமுறை எழுதி அழித்த கட்டம் அது. ரப்பரால் தேய்த்தபோது தாள் கிழிந்துவிட்டது. கிழிசலின் ஓரத்தில்தான் கழித்தல் ஒன்று என்று எழுதினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்காக நான் ஏன் பகடையை உருட்டவில்லை என்று வீடு வரும்வரை யோசித்தேன். நானும் விடுதியில் படித்தவள்தான்.

பின்னிரவு:

நான்காம்மாடி, ஒரே விடையுள்ள கேள்வி கூடாது என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. என் வாழ்க்கையின் மிக நல்ல ரோல்ப்ளே ஒரே விடையுள்ள கேள்வியால் நடந்தது. வகுப்பில் அல்ல, விடுதி அறையில். விடுதிப் பள்ளி என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரும் பயிற்சிக்கூடத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். அறைத்தோழன் இல்லாவிட்டால் அது என்ன விடுதி?

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அறைத்தோழன் தீயை எழுப்பும் பாத்திரம். அதை எழுதியவரும் எங்கோ அமெரிக்காவில் பள்ளி மாணவர். மறுநாள் அவருக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. அதை நேரடியாகச் சொல்லவில்லை. தன் பாத்திரத்தை, "இந்தத் தரம்பார்த்தல் எனக்கு வரவே இல்லை" என்று சொல்லவைத்தார். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறி நிற்கும் இடத்தில் நிறுத்துவதுதான் தரம்பார்த்தல்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து பியூரெட்டை, அதாவது அடியில் திருகு உள்ள அளவுக் குழாயை, அறைக்கு எடுத்துவந்ததாக எழுதினேன். குடுவையில் ஆக்சாலிக் அமிலம், நிறம் காட்ட இரண்டு சொட்டு பினால்ப்தலீன், மேலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அவர் திறந்துவிட்டார்: "கருஞ்சிவப்பு." கைமீறிவிட்டது. குடுவையைக் கழுவச் சொன்னேன். மறுபடியும் கருஞ்சிவப்பு. மூன்றாம் முறை, நெருங்கும்போது ஒவ்வொரு சொட்டாக விட்டுச் சுழற்றச் சொன்னேன். ஒவ்வொரு பதிவும் ஒரு சொட்டு. "நிறம் வந்தது. போய்விட்டது." "நிறம் வந்தது. போய்விட்டது." ஆறாவது பதிவில்: "வெளிர் இளஞ்சிவப்பு. சுழற்றினேன். அப்படியே நிற்கிறது."

அந்தப் பதிவு வந்தபோது வெளியே காக்கை கரையத் தொடங்கியிருந்தது. நான் தனியே அமர்ந்து கைதட்டினேன்.

சில நாள் கழித்து, "தேர்வில் நின்றது" என்று இரண்டே சொல் அனுப்பியிருந்தார். எனக்குப் பொதுத்தேர்வு. அப்புறம் எழுதலாம் என்று வைத்தேன். ஜூனில் போய்ப் பார்த்தால் கடவுச்சொல் மறந்துவிட்டது. அந்த மின்னஞ்சலும் இல்லை. அவருக்கு நான் பதிலே போடவில்லை.

சிவப்புமை:

நான்காம்மாடி, நீளத்துக்கு மதிப்பெண் போட்டேன் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கடைசிப்பெஞ்சின் ஆசிரியரை எழுதியவரைக் குற்றம் சொல்லாதீர்கள். காயம் இல்லாத பாத்திரத்தை யாரும் உருவாக்குவதில்லை. ஒருவருக்குத் தீ, ஒருவருக்கு நீர், ஒருவருக்கு உயரம். எல்லாவற்றையும் ஒதுக்கினால் ஆசிரியர் பலகையில் என்ன எழுதுவார்? அந்தப் பையனை எழுதியவர் ஒருவேளை அந்தக் கேள்விக்காகவே வகுப்பில் சேர்ந்திருக்கலாம். கை தூக்கியது அவர்தானே.

கடைசிப்பெஞ்ச்:

அப்படி நான் யோசித்ததில்லை. நான்காம்மாடி என்மீது சொன்னதையும் ஏற்கிறேன். படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நேற்று இரவு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அந்தத் தளத்தின் பழைய முகவரியைப் போட்டுத் தேடினேன். வகுப்புத் திரி கிடைத்தது. முதல் பக்கம் மட்டும்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பலகைக் கணக்கு அப்படியே இருக்கிறது. 90 மீட்டர், ஐம்பது கிலோ, அரை விநாடி. அடியில் இரண்டாம் பக்கத்துக்கான எண் இருக்கிறது, சொடுக்கினால் எதுவும் திறக்கவில்லை. நான் சொன்ன விடை அந்தப் பக்கத்தில் இருந்தது.

முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு அவருடையது. அவன் கை தூக்கியிருக்கிறான்.