சொந்தமாகச் செய்த சைக்கிள் டிரெய்லர் 18 கி.மீ. வேகத்தில் ஆட ஆரம்பிக்கிறது, உதவி வேண்டும்

நீலச்சக்கரம்:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் மகனோடு சிங்கப்பூர் சாங்கி பாயிண்டில் படகேறி மலேசியாவின் பெங்கராங் போய், அங்கிருந்து தேசாரு வரை சைக்கிளில் போகத் திட்டம். அவனுக்குப் பதினொரு வயது. அவன் சைக்கிளில் சுமை ஏற்ற மனம் வரவில்லை. கூடாரம், அடுப்பு, தண்ணீர், துணிமணி எல்லாவற்றையும் நானே இழுத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிரெய்லர் செய்தேன்.

சட்டம் 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய். வெல்டிங் இல்லை, முழுக்க போல்ட் நட்தான். காராங்குனிக்காரரிடம் (பழைய சாமான் வாங்கி விற்பவர்) இரண்டு சிறுவர் சைக்கிள் வாங்கி, அவற்றின் 16 அங்குல முன்சக்கரங்களைக் கழற்றி மாட்டினேன். மேலே மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி. இழுக்கும் கை இடப்பக்கமாக வந்து, சைக்கிளின் பின்சக்கர அச்சில் மாட்டிய தகட்டோடு ஓர் ஐ-போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) வழியாகச் சேருகிறது. மொத்த அகலம் 62 செ.மீ. எங்கள் புளோக் லிஃப்டில் நேராகப் போகிறது.

காலியாக இழுத்தால் ஒரு குறையும் இல்லை. 28 கிலோ ஏற்றி பாசிர் ரிஸ் பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டினேன். 15 வரை சரி. 18-ஐத் தொட்டதும் பின்னால் இடமும் வலமுமாக ஆடுகிறது. ஆட்டம் ஹேண்டில் வரை ஏறுகிறது. பிரேக் பிடித்தால் இன்னும் மோசம். போதாததற்கு, ஒவ்வொரு மிதிக்கும் யாரோ பின்னாலிருந்து தட்டுவது மாதிரி 'டக் டக்' என்று ஓர் உதைப்பு. பையன் என் பின்னால்தான் வருவான். டிரெய்லர் கவிழ்ந்தால் அவன் நேராக அதில் வந்து மோதுவான். எதை முதலில் பார்ப்பது?

தெம்பனிஸ்_பட்டறை:
தம்பி, முதலில் ஒரே ஒரு கேள்வி. பெட்டிக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது?

நீலச்சக்கரம்:
பின்பக்கம் அண்ணே. எடுக்க வசதி என்று ஆறு லிட்டரையும் கடைசியில் வைத்தேன்.

தெம்பனிஸ்_பட்டறை:
பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. எடை டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போனால் இழுக்கும் கை மேலே எழும்பப் பார்க்கும். அது உங்கள் பின்சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கும். பின் டயருக்குப் பிடிமானம் குறையும், டிரெய்லர் எந்தப் பக்கம் தள்ளினாலும் சைக்கிள் அந்தப் பக்கம் போகும்.

ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு வீட்டில் இருக்குமே, அதை எடுங்கள். சுமையெல்லாம் ஏற்றி, இழுக்கும் கையின் நுனியைத் தராசில் மாட்டி, சைக்கிளில் சேரும் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை காட்ட வேண்டும். உங்களுக்கு ஒன்றரையிலிருந்து மூன்று கிலோவுக்குள். அதற்கு மேல் போனால் பின்சக்கரக் கம்பிகளுக்குத்தான் பாரம்.

அப்புறம் அந்த உதைப்பு. ஐ-போல்ட் ஓட்டைக்கும் அதற்குள் போகும் போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே போதும். நாம் மிதிக்கும் விசை ஒரே சீராக வருவதில்லை. மிதி கீழே இறங்கும்போது இழுக்கும், மேல்முனையைத் தாண்டும்போது தளரும். அந்த இடைவெளியில் டிரெய்லர் முன்னே வந்து இடித்து, மறுபடி பின்வாங்கும். ஓட்டை வேறு நாளுக்கு நாள் பெரிதாகும். ஜாலான் புசார் பக்கம் பேரிங் கடையில் 10 மி.மீ. ராட் எண்ட் கேளுங்கள். உருண்டை மூட்டு உள்ளது. எல்லாப் பக்கமும் திரும்பும், ஆனால் ஆட்டம் கொடுக்காது.

நீலச்சக்கரம்:
அளந்துவிட்டேன். 28 கிலோவுக்கு நுனியில் வெறும் 400 கிராம்! தண்ணீரையும் அடுப்பையும் முன்னால், அடியில் வைத்தேன். இப்போது 2.3 கிலோ. ராட் எண்ட்டும் மாட்டியாயிற்று. உதைப்பு அடியோடு நின்றுவிட்டது அண்ணே, ரொம்ப நன்றி. ஆனால் 21, 22 போனால் மறுபடி லேசாக ஆட்டம் வருகிறது, முன்பு அளவுக்கு இல்லை. வலது டயர் மட்டும் ஒரு பக்கம் சொரசொரவென்று தேய்ந்திருக்கிறது.

சாங்கி_காற்று:
டயர் தேய்மானத்தைக் கவனித்தீர்களே, அதுவே விடை. சக்கரங்கள் ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கின்றனவா, கார் சக்கரம் மாதிரி?

நீலச்சக்கரம்:
ஆமாம். அச்சின் ஒரு முனை சட்டத்தில், மறுமுனை வெளியே சும்மா நிற்கிறது.

சாங்கி_காற்று:
சிறுவர் சைக்கிள் அச்சு ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே உட்காரச் செய்தது. ஒரு முனையில் மட்டும் பிடித்துச் சுமை ஏற்றினால், ஒரு மேடு பள்ளத்திலேயே வளைந்துவிடும். சுமையோடு நிறுத்தி, அச்சு உயரத்தில் இரண்டு ரிம்முக்கும் இடையே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை, கூடினால் ஆட்டம்தான்.

சரி செய்ய ஒரே வழி, சக்கரத்துக்கு வெளிப்பக்கம் இன்னொரு குழாய் ஓட்டி அச்சின் இரண்டு முனையையும் பிடிப்பதுதான். அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர் கூடும், லிஃப்ட் கதவை மறுபடி அளந்துகொள்ளுங்கள். கடலோரம் ஓடப்போகிற வண்டி, அலுமினியத்தில் இரும்பு போல்ட். கிரீஸ் தடவி நைலான் வாஷர் போடுங்கள். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் அரித்துப் பிடித்துக்கொள்ளும். நட் எல்லாம் நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் பயம். தகடு மாட்டியது குவிக் ரிலீஸ் (நெம்புகோலால் இறுக்கும்) அச்சிலா? தகட்டின் கனம் சேர்ந்ததில், எதிர்ப்பக்க நட்டுக்குள் மரை எத்தனை சுற்றுப் பிடித்திருக்கிறது?

நீலச்சக்கரம்:
அக்கா, இப்போதுதான் எண்ணினேன். மூன்றே சுற்று. கை நடுங்கிவிட்டது. இத்தனை நாள் இப்படியேதான் ஓட்டியிருக்கிறேன்.

சாங்கி_காற்று:
நீளமான ஸ்கியூவர் (அச்சுக்குள் போகும் அந்த மரைக் கம்பி) வாங்கும்வரை இழுக்காதீர்கள். ஐந்தாறு சுற்றாவது பிடிக்க வேண்டும். மூட்டு கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடாமல் இருக்க, இழுக்கும் கையிலிருந்து செயின்ஸ்டேக்கு (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்குழாய்) ஒரு நைலான் பட்டையும் கட்டுங்கள்.

நான் அந்த வழியில் போயிருக்கிறேன். பெங்கராங்கில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, கனரக லாரிகள் ஓடும். பக்கத்தில் கடக்கும்போது அடிக்கும் காற்றே டிரெய்லரை ஒரு தள்ளு தள்ளும். ஆட்டம் முழுக்கப் போகாமல் அங்கே கொண்டுபோகாதீர்கள். உங்கள் சைக்கிளின் சிவப்பு விளக்கைப் பெட்டி மறைக்கும், டிரெய்லரின் பின்னால் இன்னொன்று வையுங்கள். நீளக் கம்பியில் கொடியும் வேண்டும். சாங்கி படகு சின்னது, பன்னிரண்டு பேர் ஏறுவது. டிரெய்லரைக் கையால் தூக்கித்தான் இறக்க வேண்டும், அதனால் பெட்டி தனியாகக் கழலும்படி செய்யுங்கள்.

நீலச்சக்கரம்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரிம்களின் முன்பக்கம் 9 மி.மீ. அதிகம் இருந்தது. வலது அச்சைக் கழற்றி மேசைமேல் உருட்டினால் வாழைப்பழம் மாதிரி வளைவு கண்ணுக்கே தெரிந்தது. புது அச்சு, வெளிக்குழாய், நீள ஸ்கியூவர், பட்டை எல்லாம் போட்டாயிற்று. அகலம் 70. நேற்று புலாவ் உபின் தீவுக்குப் படகில் ஏற்றிப் போய், அங்கே செம்மண் பாதையில் முழுச் சுமையோடு ஓட்டினேன். தார்ச் சாலை இறக்கத்தில் 27 வரை விட்டுப் பார்த்தேன், பிரேக்கும் பிடித்தேன். கோடு போட்டது மாதிரி பின்னால் வருகிறது. பையன் நாள் முழுக்கப் பின்னாலேயே வந்து, "அப்பா, அசையவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று, 16 அங்குல ட்யூப் வழியில் கிடைக்குமா?

தெம்பனிஸ்_பட்டறை:
சந்தோஷம் தம்பி. வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், இரண்டு கையோடு கொண்டுபோங்கள். சிறுவர் சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் கார் டயர் வால்வு. உங்கள் சைக்கிளில் மெல்லிய வால்வு என்றால், பம்பின் தலை இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை காற்றடித்துப் பார்த்துவிடுங்கள்.