விடிய 4.30க்கு எழும்பி ஜெபிக்காட்டி ஆண்டவரோட நெருக்கம் இல்லையா? திருகோணமலை ஆக்கள் கொஞ்சம் வாங்க

ஓர்ஸ்ஹில்_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கட சபைல விடிய 4.30க்கு ஒரு வாட்ஸ்அப் ஜெபக் குரூப் ஓடுது. எழும்பினவங்க கைகூப்புற ஸ்டிக்கர் ஒண்டு போடணும், அவரவர் வீட்ல அரை மணித்தியாலம் ஜெபிச்சு வேதம் வாசிச்சிட்டு கடைசில ஒரு வசனம் போடணும், அவ்வளவுதான். போன கிழமை ஒரு சிஸ்டர் கேட்டா, நான் வேலை செய்யக்க மனசுக்க ஜெபிக்கிறன்தானே பிறகு இது என்னத்துக்கு எண்டு. நான் ஒளிக்காமச் சொல்றன், நாள் முழுக்க மனசுக்க ஜெபிக்கிறன் எண்டு சொல்ற ஆக்கள்ல கனபேர் ஒரு நேரமும் ஜெபிக்கிறேல்ல. மாற்கு 1:35 எடுத்துப் பாருங்க, முந்தின நாள் பொழுதுபட்ட பிறகும் ஊரே வாசல்ல நோயாளிகளோட வந்து நிண்டது, அந்தக் களைப்போட இயேசு இருட்டோடயே எழும்பி வனாந்தரத்துக்குப் போனார். அவருக்கே தேவைப்பட்டதெண்டா பாங்க் கவுண்டர்ல நிக்கிற எனக்கு எவ்வளவு தேவை. தானியேல் ஜன்னலைத் திறந்து வச்சு நாளைக்கு மூண்டு தரம் முழங்கால் போட்டவர், சிங்கக் கெபி எண்டு தெரிஞ்சும் நேரத்த மாத்தேல்ல. எங்கட தெருமுனைல கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானா தொழுகைக்குப் பாங்கு கேட்டவுடன கதவைப் பாதி சாத்திட்டுப் பள்ளிக்குப் போறார், யாவாரம் போகுதே எண்டு நிக்கிறேல்ல. நாங்க மட்டும் "மனசுக்க" எண்டு சொல்லித் தப்பிக்கிறம்.

நைட்டியூட்டி_அக்கா:
அந்த சிஸ்டர் நான் இல்ல தம்பி, ஆனா எனக்கும் அதே கேள்விதான். விடிய 4.30 எண்டா ஆஸ்பத்திரி வாட்ல என்ன நடக்கிற நேரம் எண்டு தெரியுமா. பிரஷர் பாக்கணும், சேலைன் மாத்தணும், 6 மணிக்கு முதல் எல்லாரிட ரிப்போர்ட்டும் எழுதி முடிக்கணும், இதுக்க ஒரு ஐயா டியூப்பைக் கழட்டிட்டு வீட்ட போப்போறன் எண்டு எழும்பி நிப்பார். அந்த நேரம் நான் எங்க போய் முழங்கால் போடுறது. என்ட ஜெபம் கைகழுவுற இடத்திலதான். ஒரு ஆளைப் பாத்திட்டு அடுத்த ஆளிட்ட போக முதல் கை கழுவியே ஆகணும், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண் எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு, சவுக்காரம் போட்டு ஒழுங்காக் கழுவினா நாப்பது அறுபது செக்கன் எடுக்கும். அந்த நேரம் அடுத்த கட்டில்ல கிடக்கிற ஆளிட பேரைச் சொல்லி நெகேமியா 6:9ல இருக்கிற அந்தச் சின்ன ஜெபத்தச் சொல்லுவன், என் கைகளைத் திடப்படுத்தும் எண்டு. ஒரு இரவில எத்தின தரம் கை கழுவுறமோ அத்தின தரம். அதே நெகேமியா 2ம் அதிகாரத்தில பாரசீக ராசா அவனிட்ட என்ன வேணும் எண்டு கேட்டவுடன, பதில் சொல்ல முதல் அந்த இடைவெளிக்க பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான். ராசாவை நிக்கச் சொல்லிட்டு அறைக்குள்ள போகேல்ல. இது நெருக்கம் இல்லையெண்டா வேற எது?

ஓர்ஸ்ஹில்_தம்பி:
அக்கா நெகேமியாவ நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. 2ம் அதிகாரத்த மட்டும் வாசிச்சா நீங்க சொல்றது சரிபோலதான் இருக்கும், முதலாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்க. எருசலேம் அலங்கம், அதாவது மதில், இடிஞ்சு கிடக்குது எண்டு கேள்விப்பட்டது கிஸ்லேயு மாசம், ராசாவுக்கு முன்னால நிண்டது நிசான் மாசம். இடையில கிட்டத்தட்ட நாலு மாசம். அழுது, துக்கிச்சு, உபவாசிச்சு, இரவும் பகலும் ஜெபிச்சான் எண்டு எழுதியிருக்கு. அந்த நாலு மாசம் இருந்தபடியாத்தான் ராசாவுக்கு முன்னால ஒரு நொடி ஜெபம் வந்தது. நாலு மாசத்த விட்டிட்டு ஒரு நொடிய மட்டும் எடுத்துக்கொள்றதத்தான் நான் பிழை எண்டு சொல்றன். நீங்க மெதடிஸ்ட் எண்டு முந்தி ஒருக்கா எழுதியிருந்தீங்க, உங்கட சபையத் தொடங்கின ஜோன் வெஸ்லியே விடிய 4 மணிக்கு எழும்பி 5 மணிக்குப் பிரசங்கம் பண்ணின ஆள்.

கரைவலை_பிள்ளை:
ரெண்டு பேரும் நல்லா அடிபடுங்க, நான் ஓரமா நிண்டு பாக்கிறன் 😄
நான் கத்தோலிக்கம், எங்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, ஏனெண்டா கோயில் மணி எங்களுக்காக எழும்பிடும். காலம்பற, மத்தியானம், பின்னேரம் திரிகால செபம், மணி கேட்டா அம்மா சுளகைக் கீழ வச்சிட்டு எழும்பி நிப்பா, மூண்டு நிமிசம், திரும்பவும் சுளகு. கரைவலை இழுக்கப் போற ஆக்கள் தண்ணியத் தொட்டு நெத்தில சிலுவை போட்டிட்டுத்தான் இறங்குவாங்க. இப்ப கனபேர் மெசினால இழுக்கிறாங்க, அது வேற கதை. ரெண்டு பக்கமும் கயிறு பிடிச்சு இழுத்த காலத்தில இழுக்கக்க பாடுற அம்பாப் பாட்டுக்க மாதாவும் வருவா அந்தோனியாரும் வருவார், பக்கத்தில பிடிக்கிற ஆள் சைவம் எண்டா முருகனும் வருவார், மீன் நிறைஞ்ச வலைட மடி கரைக்கு வரும்வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டாங்க.

எங்கட அப்பப்பா யேசு சபைக் குருமாரிட்ட படிச்சவர், 1895க்குப் பிறகு திருகோணமலை மட்டக்களப்புப் பக்கம் கோயிலும் பள்ளிக்கூடமும் கனக்க அவங்கட பொறுப்பிலதானே இருந்தது. அந்தச் சபையத் தொடங்கின இஞ்ஞாசியார் 1551ல போர்த்துக்கல்ல படிச்சுக்கொண்டிருந்த சபைப் பெடியன்கள் சம்பந்தமா ஒரு கடிதம் அனுப்பினவர். அவங்களுக்குப் படிப்பு இருக்கு, நீண்ட தியானத்துக்கு நேரம் காணாது, ஆக்களோட கதைக்கிறது, நடக்கிறது, பாக்கிறது, ருசிக்கிறது எல்லாத்திலயும் கடவுளைத் தேடப் பழகட்டும் எண்டு. ஆனா அதே ஆள் மத்தியானமும் இரவும் மனச்சோதனை செய்யிறத மட்டும் விடச் சொல்லேல்ல. காலம்பற இருந்து யாரோட எப்பிடிக் கதைச்சன், எங்க ஆண்டவர் கிட்ட நிண்டார், எங்க நான் தள்ளிப் போனன் எண்டு பாக்கிறது. தம்பிட குரூப்ல இரவில அப்பிடி ஒரு ஸ்டிக்கர் இருக்கா?

ஓர்ஸ்ஹில்_தம்பி:
அண்ணன் மனப்பாடச் செபத்தச் சொல்லிக்கொண்டே போனா அது ஜெபமா. மத்தேயு 6:7ல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் எண்டு இருக்கு.

கரைவலை_பிள்ளை:
தினமும் ஒரே ஸ்டிக்கர் போடுற ஆள் இதச் சொல்றார் 😂 சும்மா பகிடி, கோவிக்காதீங்க. வள்ளம் பிரளப் போற நேரத்தில புதுசா வசனம் யோசிக்க வராது தம்பி, வாய்க்குப் பழகினதுதான் வரும். அதுக்குத்தான் பழக்கிறது.

நிலாவெளி_பாசல்:
நான் ஒருநாளும் எழுதுறேல்ல, வாசிச்சிட்டுப் போற ஆள், இதப் பாத்திட்டு இருக்க முடியேல்ல. வீட்ல இருந்து மத்தியானச் சாப்பாட்டுப் பாசல் கட்டி ஹொட்டல் வேலைப் பெடியன்களுக்குக் குடுக்கிறன், ரெண்டு சின்னப் பிள்ளைகள். எல்லாரும் நான் அக்காட பக்கம் நிப்பன் எண்டு நினைப்பீங்க, இல்ல. வேலையோட வேலையா ஜெபிக்கிறது கேக்க நல்லா இருக்கு, எனக்கு அது நடக்குதேயில்ல. தேங்காய் துருவக்க மனசு ஆண்டவரிட்டப் போகாது, தேங்காய் என்ன விலை எண்டுதான் போகும், பிறகு காஸ், பிறகு போன கிழமை காசு தராத ஆள், பிறகு மூத்தவன்ட ரியூசன். 2022ல காஸ் இல்லாம விறகில சமைச்ச காலத்தில இந்த யோசினை இன்னும் மோசம். அதால பிள்ளைகள் எழும்ப முதல் பின்வாசல் படியில இருக்கிற கொஞ்ச நேரம் எனக்கு வேணும். அந்த நேரத்த யாரும் எனக்குச் சட்டமாப் போடேல்ல, நானே பிடிச்சு வச்சிருக்கிறன். அது இல்லாட்டி அண்டைக்கு முழுக்கப் பிள்ளைகளுக்குக் கத்துவன். அக்காக்கு வேலைக்க கைகழுவுற நேரம் எண்டு ஒரு வெட்டு இருக்கு, அடுப்படில அப்பிடி ஒரு வெட்டு இல்ல, ஒண்டுக்கு மேல ஒண்டு வந்துகொண்டே இருக்கும்.

நைட்டியூட்டி_அக்கா:
தங்கச்சி நீங்க சொன்னதுக்கு நான் எதிர்ச்சொல்லு சொல்ல மாட்டன், உங்கட வாசற்படிய யாரும் எடுக்கக் கூடாது. நேரம் ஒதுக்குறது பிழை எண்டு நான் எங்கயும் சொல்லேல்ல. அந்த நேரத்துக்கு ஆள்க்கணக்கு எடுக்கிறதுதான் எனக்குப் பிரச்சினை.

தம்பி, வெஸ்லிக்கு வாறன். ஓம் அவர் 4 மணிக்கு எழும்பினவர், ஆனா இரவில நேரத்தோட படுத்த ஆள். 1743ல அவர் சங்கங்களுக்கு எழுதின பொது விதிகள் மூண்டு. முதலாவது யாருக்கும் தீமை செய்யாத. ரெண்டாவது ஏலுமான அளவு எல்லாருக்கும் நன்மை செய். மூண்டாவதாத்தான் ஆராதனை, திருவிருந்து, தனி ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம் எல்லாம் வருது. மூண்டாவது தேவையில்ல எண்டு நான் சொல்லேல்ல, அது மட்டும்தான் அளவுகோல் எண்டு நிக்கிறதத்தான் சொல்றன். அதோட 1 இராஜாக்கள் 19. எலியா சாகலாம் எண்டு சூரைச்செடிக்குக் கீழ படுத்துக் கிடக்கிறார், தேவதூதன் வந்து தட்டி எழுப்பி என்ன சொன்னான்? எழும்பி ஜெபி எண்டா? சாப்பிடு எண்டான். சாப்பிட்டிட்டுத் திரும்பப் படுத்தார், படுக்க விட்டான், ரெண்டாந்தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நைட் முடிஞ்சு வீட்ட வந்து படுக்கிற ஆளுக்கு அந்த அதிகாரம் எவ்வளவு இனிப்பு எண்டு பகல் வேலைக்காரருக்கு விளங்காது.

ஓர்ஸ்ஹில்_தம்பி:
எலியா சாப்பிட்டிட்டு ஓரேப் பர்வதம் மட்டும் நாப்பது நாள் நடந்து போனதையும் சொல்லுங்க அக்கா. சாப்பாடு நடக்கிறதுக்குத்தான் குடுத்தது.
ஆள்க்கணக்கு எண்டு சொல்றீங்க, நான் அதை அப்பிடிப் பாக்கேல்ல. எங்கட வயசில பெடியன்கள் இரவு 1 மணி மட்டும் போன் நோண்டிட்டுப் படுக்கிறாங்க. ஒருத்தன் கேப்பான் எண்டு தெரிஞ்சாத்தான் எழும்புறாங்க, இதுதான் உண்மை. தனிய விட்டா ஒருத்தனும் எழும்பமாட்டான். குரூப்பால சிகரெட்ட விட்ட பெடியன் இருக்கிறான், வீட்ட அம்மாவோட திரும்பக் கதைக்கத் தொடங்கின பெடியன் இருக்கிறான். இதெல்லாம் சும்மாவா.

கரைவலை_பிள்ளை:
அது சும்மா இல்ல, அத ஒத்துக்கொள்றன். ஆனா நெகேமியாவ ரெண்டு பேரும் 1, 2, 6 எண்டு பிச்சுப் பிச்சு எடுக்கிறீங்க, 5ம் அதிகாரத்த ஏன் ஒருத்தரும் தொடேல்ல? அலங்கம் கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில, ஒரு கையில வேலை ஒரு கையில ஆயுதம் எண்டு எல்லாரும் நிண்ட அதே நேரத்தில, சனங்களும் பெண்சாதிமாரும் வந்து அழுதாங்க. சாப்பாட்டுக்கு வயலையும் வீட்டையும் அடகு வச்சிட்டம், பிள்ளைகள் அடிமையாப் போகுதுகள், செய்யிறது எங்கட சொந்தச் சகோதரர்தான் எண்டு. நெகேமியா கோவப்பட்டு சங்கம் கூட்டி வட்டியையும் வயலையும் திருப்பிக் குடுக்க வச்சான். 52 நாள்ல அலங்கம் முடிஞ்ச கதைக்க இதுவும் இருக்கு.

ஏன் சொல்றனெண்டா எங்கட கரைல ஒரு சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர், இருக்கிறார், பேர் வேண்டாம், எந்தச் சபை எண்டும் கேக்க வேண்டாம், எங்கட கோயில்லயும் அப்பிடி ஆக்கள் இருக்கிறாங்க. விடிய ஜெபம் தவறாது. சனிக்கிழமை வலை இழுத்த ஆக்களுக்குப் பங்குக் காசு குடுக்கிற நேரம் வந்தா ஆளைக் காணக் கிடைக்காது, போன் ஓஃப். கிழமைக் கடைசில கடைக் கடன் கட்ட வேண்டிய சனம் அவரிட மீன் வாடிக் கொட்டிலுக்கு முன்னால குந்தி இருக்கும். ஏசாயா 58ல உபவாச நாள்லயே வேலைக்காரரைக் கசக்கிறீங்க எண்டு கேட்டது இந்த ஆளைத்தான். அவர் கடவுளுக்குக் கிட்டவா தூரவா?

ஓர்ஸ்ஹில்_தம்பி:
அது அந்த ஆளிட பிழை, ஜெபத்திட பிழை இல்ல. 4.30க்கு எழும்பாம இருந்தா மட்டும் காசு குடுத்திருப்பாரா?

கரைவலை_பிள்ளை:
குடுத்திருக்க மாட்டார். ஆனா தான் நல்ல கிறிஸ்தவன் எண்டு இவ்வளவு நிம்மதியா நித்திரை கொண்டிருக்கவும் மாட்டார். நான் சொன்ன இரவு மனச்சோதனை இதுக்குத்தான், காலம்பற ஜெபத்தில நாங்கதான் கதைக்கிறம், இரவில கணக்குக் காட்டணும்.

நிலாவெளி_பாசல்:
ஐயோ எனக்கும் ஒரு ஹொட்டல்க்காரர் காசு தர இருக்கு, அவருக்கும் இந்த 5ம் அதிகாரத்த அனுப்பினா என்ன எண்டு யோசிக்கிறன் 🤭

ஓர்ஸ்ஹில்_தம்பி:
சரி அண்ணன், நெகேமியா 5 எடுத்து ஒருநாள் குரூப்ல வாசிப்பம், நான் பாஸ்டரிட்டக் கேக்கிறன். இரவு ஜெபம் பற்றியும் கேக்கலாம். ஆனா 4.30 மாறாது, அத நான் விட்டுக்குடுக்க மாட்டன். தானியேல் விட்டுக்குடுத்தாரா?

நைட்டியூட்டி_அக்கா:
தானியேல் மற்றவன் ஜன்னலைத் திறந்தானா எண்டு போய்ப் பாக்கேல்ல தம்பி. 4.30 அப்பிடியே இருக்கட்டும், உங்கட வயசுக்கு நல்லது. ஸ்டிக்கர் போடாதவங்கட பேரைக் குரூப்ல போட்டு "எங்க காணேல்ல" எண்டு கேக்கிறத மட்டும் நிப்பாட்டுங்க. எங்கட வாட்ல வேலை செய்யிற பிள்ளை ஒண்டு உங்கட குரூப்ல இருக்கு, அதுதான் இவ்வளவு நேரம் கதைக்கிறன். அது 4.30க்கு ட்ரொலியத் தள்ளிக்கொண்டு போகக்க போனை எடுத்து ஸ்டிக்கர் போட்டிட்டு ஓடுது, கை கழுவாம.

ஓர்ஸ்ஹில்_தம்பி:
யார் எண்டு சொல்லுங்க அக்கா, நான் தனிய மெசேஜ் போட்டுக் கதைக்கிறன்.

நைட்டியூட்டி_அக்கா:
பாத்தீங்களா, திரும்பப் பேர் கேக்கிறீங்க. பேர் சொல்ல மாட்டன். குரூப்ல பொதுவா எல்லாருக்கும் போடுங்க. எனக்கு இண்டைக்கும் நைட், 7 மணிக்கு இறங்கணும், இனி நாளைக்கு வந்து பாக்கிறன்.