கொடுவா லூருக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிறேன், மேல்பூச்சுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. முட்டுக்காட்டில் கொடுவா மீனுக்குப் போடும் என் 11 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் லூர் (மீன் வடிவத் தூண்டில் இரை), பாறையில் உரசி உரசிப் பெயின்ட் உரிந்துவிட்டது. அப்பா வாங்கித் தந்தது, தூக்கிப்போட மனம் வரவில்லை.

கொக்கிகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பிரைமர் அடித்தேன். அப்புறம் கொசுவலைத் துண்டை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் வெள்ளி நிற ஸ்பிரே. வலையைப் பிரித்தால் அசல் மடவை மீன் செதில்! அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

சிக்கல் மேல்பூச்சில்தான். லாக்கர் ஸ்பிரே இந்த மழைக்கால ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிசினோ வயிற்றுப் பக்கம் வழிந்து திரள்கிறது. தண்ணீரில் லூரின் ஆட்டமே மாறிப்போகிறது. அசிட்டோனில் துடைத்தெடுக்கவும் பயம், பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

மோட்டார் இல்லாமல் லூரைச் சுழற்றிக் காயவைக்க என்ன வழி? எபாக்சியை எவ்வளவு மெல்லிசாகப் பூசுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.