காசியில் கங்கைக் கரையோர விடுதி: தங்கியவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் மாசி மாதம், 74 வயதாகும் என் தாயாரை மூன்று இரவுகள் காசிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். சத்திரத்தில் தங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் விடியற்காலையில் சன்னலைத் திறந்தால் கங்கை தெரிய வேண்டும் என்று அம்மா பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதால், பழைய மாளிகைகளைப் புதுப்பித்துச் சில அறைகளோடு நடத்தும் பூட்டிக் ஹோட்டல்களைப் பார்த்து வருகிறேன்.

சிக்கல் அம்மாவின் முழங்கால். தசாசுவமேத கட்டத்தை (கங்கைப் படித்துறையை) ஒட்டிய சந்துகளில் கார் நுழையாது என்பதும், சில விடுதிகள் விருந்தினரைப் படகில் அழைத்து வருவதும் தெரியும். படகிலிருந்து இறங்கிய பின் எத்தனை படி ஏற வேண்டும், லிஃப்ட் படித்துறை மட்டத்திலேயே தொடங்குகிறதா என்று கேட்டால் மட்டும், "கொஞ்சம் படிதான்" என்று தொலைபேசியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் "கொஞ்சம்" நாற்பதாகவும் இருக்கலாம்!

அசி கட்டத்துக்கு அருகில் வரை வண்டி போகும் என்றாலும், விசுவநாதர் கோயில் அங்கிருந்து தள்ளி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அனுமான் கட்டம், கேதார கட்டம் பகுதியில் தங்கினால் இட்லியும் ரசமும் கிடைக்கும் என்பதால் என் மனம் அங்கேயே சாய்கிறது. வயதான பெற்றோருடன் இப்பகுதிகளில் தங்கியவர்கள், விடுதியின் பெயர், படிகளின் எண்ணிக்கை, கங்கை தெரியும் அறைக்குக் கொடுத்த வாடகை ஆகியவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.