தம்பி கொண்டுவந்த பவளக்கல்: தென்பெண்ணையில் இப்படிக் கிடைக்குமா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

என் தம்பி அமெரிக்காவில், ஜார்ஜியாவும் புளோரிடாவும் தொட்டுக்கொள்ளும் எல்லைப்பக்கம் வேலை பார்க்கிறான். இந்த முறை ஊருக்கு வந்தவன் பெட்டியைத் திறந்தால் பாதிக்குப் பாதி கல். "ஊரில் இல்லாத கல்லா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். வித்லகூச்சி என்று ஓர் ஆறாம். தண்ணீர் இறங்கும் நாட்களில் கரையோரம் பொறுக்கியதாம். பவளம் கல்லாகிப்போனது என்கிறான்.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒரு துண்டைக் கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெளிப்புறம் முழுக்கக் கடுகளவு நட்சத்திரங்கள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. உடைந்த பக்கத்தில் ஓரம் மஞ்சள், அடுத்து தேன் நிறம், நடுவே குழிவு. குழிக்குள் நீலம் கலந்த வெண்மையில் சின்னச் சின்ன மொட்டுகளாகப் புடைத்திருக்கிறது. விரல் வைத்தால் வழுக்குகிறது.

பனியுகத்து ஆறு என்றும் சொன்னான். அப்படியானால் இந்தப் பவளம் பனியில் உறைந்து கல்லானதா? அணைக்குக் கீழே நம் தென்பெண்ணையிலும் கலர் கலராகக் கற்கள் கிடக்கின்றனவே, அவற்றிலும் இப்படி ஏதாவது இருக்குமா?

பழையபேட்டை:

அக்கா, விலை போகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆச்சரியம்தான்! ஒரே ஒரு வேண்டுகோள்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சுத்தியலால் தட்டிவிடாதீர்கள். நம் பக்கம் கிரானைட் பட்டறைக்கா பஞ்சம்? வைர பிளேடில் தண்ணீர் விட்டு அறுத்து, ஒரு முகத்தை மட்டும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். மொட்டு உள்ள பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

கல்வாத்தியார் (தர்மபுரி):

அம்மா, பனிக்கும் பவளம் கல்லானதற்கும் தொடர்பில்லை. புளோரிடாவைப் பனிப்பாறை எட்டியதே கிடையாது. அந்தப் பவளம் சுமார் இரண்டு, மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத வெப்பக் கடல் இருந்தபோது வளர்ந்தது. அது மண்ணில் புதைந்த பிறகு, மணலில் இருக்கும் சிலிக்கா என்ற பொருள் கரைந்த நிலத்தடி நீர் ஊறி, சுண்ணாம்பு கரைந்த இடத்தையெல்லாம் சிலிக்கா பிடித்துக்கொண்டது. அகேட் என்ற மணிக்கல் இருக்கிறதே, அதே பொருள். வெளியே நட்சத்திர அச்சு நிலைத்தது. உள்ளே வெற்றிடம் இருந்த இடத்தில் சிலிக்கா படலம் படலமாகப் படிந்து மொட்டுகளாயிற்று. மஞ்சளும் சிவப்பும் இரும்பின் வேலை. 1979-இல் இதைப் புளோரிடா தன் மாநிலக் கல்லாகவே அறிவித்துவிட்டது.

பனியுகக் கதை வேறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் தண்ணீர் பெருமளவு பனியாகக் கட்டுண்டு கிடந்தது. கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. புளோரிடா இன்றைய அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிந்த வறண்ட நிலம். மம்மூத், மாஸ்டடான் என்ற யானைக்கு உறவான விலங்குகள் நீர் தேடி ஆற்றுப் பள்ளங்களுக்கு வந்தன. மனிதர்களும் பின்னாலேயே வந்தார்கள். அதே மாநிலத்தின் ஆசில்லா ஆற்றடியில் கத்திக்கீறல் விழுந்த மாஸ்டடான் தந்தம் கிடைத்தது. அந்த இடத்தின் வயது ஏறத்தாழ 14,550 ஆண்டுகள். அந்தப் பகுதியின் பழங்குடிகள் இந்தப் பவளக்கல்லை நெருப்பில் பதமாகச் சுட்டு ஈட்டிமுனை செதுக்கினார்கள். சுட்டால் சீராகச் சில்லு பெயரும். நிறமும் இளஞ்சிவப்பாகி மினுங்கும்.

இனி தென்பெண்ணை. கிடைக்காது, தேடிக் காலை நோகடிக்க வேண்டாம். நம் மாவட்டங்களின் அடிப்பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. பவளம் என்ற உயிரினம் தோன்றியே 50 கோடி ஆண்டுகள்தான் ஆகிறது. நீங்கள் பார்க்கும் கலர் கற்கள் வெறும் கனிமங்கள்: இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், பச்சை எபிடோட், வெள்ளை வெங்கச்சங்கல்.

சாமல்பட்டிப் பக்கம் அமிலம் பட்டால் நுரைக்கும் வெள்ளைக்கல் உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கடல் இருந்த இடம் என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது கார்பனடைட், பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி வந்தது. கிளிஞ்சலும் இல்லை, பவளமும் இல்லை. (என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் பெரிய அதிசயம். ஆனால் கண்ணாடி அலமாரியில் வைக்க அழகாக இராது.)

பவளப்பாறைதான் பார்க்க வேண்டுமென்றால் திருச்சி மாவட்டம் கல்லக்குடி. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் சுமார் 10 கோடி ஆண்டுப் பவளம் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பாகவே இருக்கிறது, அகேட் இல்லை. உங்கள் தம்பியின் கல் கத்திக்கு மசியாது, கல்லக்குடிக் கல் மசியும். சிலிக்காவாக மாறியதைப் பார்க்க விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக் கல்மரங்கள். பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

மாந்தோப்பு:

மிக்க நன்றி, ஐயா. சுட்ட கல் என்று படித்ததும் ஒரு துண்டைத் தேடி எடுத்தேன். இளஞ்சிவப்பு, உள்ளங்கையில் அடங்கும். இரண்டு ஓரமும் மெலிந்து, வரிசையாகச் சில்லு பெயர்த்த தடம் இருக்கிறது. நட்சத்திரங்கள் ஒரு மூலையில் மட்டும். ஆற்றில் உருண்டாலும் இப்படி ஆகுமா?

கல்வாத்தியார் (தர்மபுரி):

உருண்டால் ஓரம் மழுங்கும். வரிசையாக, இரு முகத்திலும் பெயர்ந்திருந்தால் கை பட்டது என்றுதான் சந்தேகிக்க வேண்டும். பையூரில் உங்களுக்குப் பக்கத்திலேயே விவசாயிகள் மழைக்குப் பின் புதிய கற்காலக் கோடரி என்று எதையாவது காட்டினால் எப்படி ஓரத்தை முதலில் பார்ப்போமோ, அதே போல.

ஆனால் தம்பியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். புளோரிடாவில் வெறும் பவளப் புதைபடிவம் எடுக்க அனுமதி தேவையில்லை. எலும்பு, பல் என்றால் சுறாப் பல் தவிர மற்றவற்றுக்கு உரிமம் வேண்டும். மனிதர் செதுக்கிய பொருள் அரசுக்குரிய ஆற்றுப்படுகையில் கிடந்தால் அது அரசுடைமை, எடுக்கவே கூடாது. எந்தக் கரையில், எந்த மாநிலப் பக்கம் எடுத்தான் என்று கேளுங்கள்.

பழையபேட்டை:

அக்கா, அந்தச் சிவப்புத் துண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்!

மாந்தோப்பு:

தனியாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். தம்பி அமெரிக்கா திரும்பிவிட்டான். இப்போது அங்கே தூக்கத்தில் இருப்பான், இரவு பேசுகிறேன். மஞ்சள் துண்டை மட்டும் அறுக்கலாம் என்றிருக்கிறேன். பழையபேட்டைத் தம்பி, ஒரே ஒரு கல்லை அறுத்துத் தர எந்தப் பட்டறையில் சம்மதிப்பார்கள்?