மறு: லாபியிங் – ‘தரப்புரை’ என்று வைக்கலாம்

வணக்கம் நண்பர்களே,

லாபியிங் (lobbying), அதாவது ஒரு தொழிலோ அமைப்போ தனக்குச் சாதகமாக முடிவெடுக்கும்படி அரசிடம் பேசுவது, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். ஆதரவு திரட்டல், செல்வாக்குத் தேடல், பரப்புரை, பரிந்துரைப்பு, திரைமறைவுப் பேரம் என்று நிறையச் சொற்கள் வந்துவிட்டன. நான் முன்வைப்பது தரப்புரை. தரப்பு + உரை. ஒரு தரப்புக்காக அரசிடம் எடுத்துச் சொல்வது, அவ்வளவுதான் பொருள். மதுரையில் சிறுதொழில் சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். இந்தச் சொல் இல்லாமல் தினமும் திண்டாடுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கள் பக்கத்தில் லாபியிங் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. “ரெப்ரசென்டேஷன் குடுத்திருக்கோம்” என்பார்கள். “மினிஸ்டர் காதுல போட்டு வச்சிருக்கோம், பாப்போம்” என்பார்கள். லாபியிங் என்றால் டெல்லியில் கோட் போட்டவர்கள் ஐந்து நட்சத்திர ஓட்டலில் செய்யும் வேலை, நாம் செய்வது மனு கொடுப்பது என்று ஒரு நினைப்பு. ஆனால் இரண்டும் ஒரே வேலைதான். இந்த மதுரையில் 1924-லேயே வணிகர்கள் சேர்ந்து தொழில் வர்த்தக சங்கம் தொடங்கிவிட்டார்கள், சிறுதொழில்காரர்களுக்கு மடீட்சியா என்ற மாவட்டச் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்களின் குறையை அரசிடம் கொண்டுபோவது இப்படிப்பட்ட எந்தச் சங்கத்துக்கும் அன்றாட வேலை. அந்த வேலைக்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் இல்லாததால்தான் செய்கிறவர்களே அதைப் பெயர் சொல்லாமல் செய்கிறார்கள்.

மனு என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் பொருள் செய்கிற ஒருவர், மூலப்பொருள் விலை கட்டுப்படியாகவில்லை என்று சங்கத்துக்கு போன் போட்டுப் புலம்புவார். “யூனிட்டை மூடிட்டுப் போக வேண்டியதுதான் சார்.” இதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் அதிகாரி பரிதாபப்படுவார், காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்வார், அதோடு சரி. அதனால் செயலாளர் இன்னும் பத்துப் பேரிடம் விசாரிப்பார். எத்தனை யூனிட், எத்தனை பேருக்கு வேலை, மூலப்பொருளுக்கு எவ்வளவு வரி, முடிந்த பொருளுக்கு எவ்வளவு வரி. அப்புறம் ஒரு அட்டவணை: எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), இப்போதுள்ள விகிதம், கேட்கும் விகிதம், காரணம், அரசுக்கு எவ்வளவு வருவாய் குறையும். பட்ஜெட்டுக்கு முன் நிதி அமைச்சகம் சங்கங்களிடம் கருத்துக் கேட்கும்போதும் இதே மாதிரி விவரங்களைத்தான் எதிர்பார்க்கிறது. பொன்னாடை, போட்டோ எல்லாம் முடிந்து அதிகாரி மனுவைக் கையில் எடுத்ததும் அவர் கண் நேரே போய் நிற்பது அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், அந்த வருவாய்க் குறைவில்தான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மனு பாதி செத்தது என்று அர்த்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது, 2015-லிருந்து. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறவர், வரி இருந்தால்தான் உள்ளூர் ரப்பருக்கு விலை கிடைக்கும் என்று மனு கொடுக்கிறார். ரப்பர் பொருள் செய்கிற தொழிற்சாலைக்காரர், வரியைக் குறைத்தால்தான் பிழைப்போம் என்று மனு கொடுக்கிறார். 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பருக்கான (ரப்பரோடு வேறு பொருட்களைக் கலந்து வருவது) இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 ஆக உயர்த்தினார்கள். தோட்டக்காரருக்கு நல்ல செய்தி, கலவை ரப்பரை இறக்குமதி செய்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இடி. இரண்டு பேரும் நாட்டு நலன் என்றுதான் எழுதியிருப்பார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் இரண்டு தரப்பு.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. பாதி வேலையை இயந்திரத்தில் செய்கிற சின்ன யூனிட்டுகள் நடுவில் மாட்டிக்கொண்டன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12 என்று ஒரே விகிதம் ஆனது. இயந்திரக்காரருக்கு இறங்கியது, கைத்தொழில்காரருக்கு ஏறியது. ஒரே ஊர், ஒரே பொருள், ஒரே முடிவு. இதை ‘தொழில்துறையின் வெற்றி’ என்று ஒரு செய்தித்தாள் எழுதினால் யாருடைய வெற்றி என்று கேட்க வேண்டாமா? அதே ஆட்கள் சீன லைட்டர் விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். 2022-ல் முதலமைச்சர் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குக் கொண்டுபோனார்கள், 2023 ஜூன் கடைசியில் 20 ரூபாய்க்கும் குறைவான மதிப்புள்ள லைட்டரை இறக்குமதி செய்யத் தடை வந்தது. அங்கே எல்லாரும் ஒரே தரப்பு, எதிரில் இறக்குமதியாளர் இன்னொரு தரப்பு.

ஆகவே இந்தச் சொல்லில் ‘யாருக்காக’ என்ற கேள்வி ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். பரிந்துரைப்பு என்றால் நடுவில் நிற்கும் வல்லுநர் ஆலோசனை சொல்வது போலத் தொனிக்கிறது, தரப்பு மறைந்துவிடுகிறது. ஆதரவு திரட்டல் யாருக்கும் பொருந்தும், கல்யாண மண்டபத்துக்கு நன்கொடை கேட்பதற்கும் பொருந்தும். பரப்புரை மக்களைப் பார்த்துப் பேசுவது, தேர்தலோடு ஒட்டிப்போய்விட்டது. இங்கே பேசுவது மக்களிடம் இல்லை, முடிவெடுக்கும் நாற்காலியிடம். திரைமறைவுப் பேரம் என்றால் தீர்ப்பு எழுதிவிட்டு விசாரணை நடத்துவது மாதிரி. கப்பலூர்க்காரருக்காகப் போட்ட அந்த அட்டவணையில் எந்தத் திரையும் இல்லை.

> வக்காலத்து என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

நல்ல கேள்வி. “அவனுக்கு என்ன வக்காலத்து வாங்குற” என்று நாம் எல்லாரும்தான் சொல்கிறோம், பொருளும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அதில் ஒரு சள்ளை இருக்கிறது, கூடவே நீதிமன்ற வாடையும். வழக்கறிஞர் தாக்கல் செய்யும் வக்காலத்தோடு குழம்பும். மன்றாடுதல் என்று ஒருவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது, மன்றத்தில் நின்று பேசுவது என்ற பழைய பொருள் லாபி என்ற சொல்லின் பிறப்புக்கு அழகாகப் பொருந்துகிறது, அதுவும் அவைக்கூடத்தை ஒட்டிய கூடத்திலிருந்து வந்ததுதானே. ஆனால் இன்றைக்கு மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல். எந்தச் சங்கத் தலைவரும் “நாங்கள் அமைச்சரிடம் மன்றாடினோம்” என்று அறிக்கை விட மாட்டார்.

> தரப்பு தமிழ்ச் சொல் இல்லையே, தரஃப் என்பதிலிருந்து வந்தது.

ஆமாம், அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று! அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு, இருதரப்பு உறவு என்று இல்லாமல் ஒரு நாள் செய்தித்தாள் வெளிவராது. போனஸ் தகராறு என்றால் தொழிலாளர் துறையில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் அதிகாரியும் உட்காருவதற்கு முத்தரப்புப் பேச்சுவார்த்தை என்றுதான் பெயர். தொழிற்சாலை வாசலில் நிற்கிறவருக்குக்கூட விளக்கம் தேவைப்படாத சொல் அது. பக்கம், சார்பு என்று மாற்றிப் பார்த்தேன். பக்கவுரை, சார்புரை. முதலாவது ஓரக்குறிப்பு மாதிரி இருக்கிறது, இரண்டாவதில் பாரபட்சம் என்ற குற்றச்சாட்டு ஏறிக்கொள்கிறது. தனித்தமிழில் உறுதியாக இருக்கிற நண்பர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுங்கள் என்று கேட்கிறேன்.

தரப்பு என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை, சட்டமே அதைக் கேட்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். வெளிநாட்டுப் பொருளை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், அதற்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடுங்கள் என்று டெல்லியில் டிஜிடிஆர் என்ற, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ஒன்றிய அரசு அலுவலகத்துக்கு உற்பத்தியாளர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்க முடியாது. விண்ணப்பத்தை ஆதரிக்கும் உற்பத்தியாளர்களின் பங்கு, உள்நாட்டு மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதமாவது இருக்க வேண்டும். அதாவது நீ ஒரு தரப்பு என்பதை முதலில் நிரூபி, அப்புறம் உரை. அதற்குப் பிறகு இறக்குமதியாளருக்கும் அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவருக்கும் வாய்ப்புக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பரிந்துரை நிதி அமைச்சகத்துக்குப் போகும். இந்தப் ‘பரிந்துரை’ அந்த அலுவலகத்துடையது, உற்பத்தியாளருடையது இல்லை. பரிந்துரைப்பு வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

சொல்லின் எல்லையையும் பேசிவிடுவோம். 2022 ஆகஸ்டில் மின்கட்டண உயர்வு பற்றி ஒழுங்குமுறை ஆணையம் மதுரையில் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தொழில் அமைப்புகள் எழுந்து பேசியது தரப்புரை. கட்டணம் அந்தச் செப்டம்பரில் உயர்ந்தே விட்டது. சிறுதொழில்களுக்கான உச்சநேரக் கட்டணம் (மின்தேவை அதிகமுள்ள நேரத்துக்கான கூடுதல் கட்டணம்) 25 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைவதற்கு அதன் பிறகும் அலைந்து பேச வேண்டியிருந்தது, அதுவும் தரப்புரை. ஆனால் 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தது தரப்புரை இல்லை, அது போராட்டம். உறை கைமாறினால் அது லஞ்சம், அதற்கும் இந்தச் சொல்லைப் போர்வையாக்க விடக் கூடாது. பழைய அழுத்தக் குழு என்ற சொல் பாடநூலில் நன்றாகவே இருக்கிறது. அது அமைப்பின் பெயர், இது செயலின் பெயர். இரண்டும் இருக்கட்டும்.

தரப்புரையாளர் என்பதைச் சம்பளத்துக்கு இதையே தொழிலாகச் செய்கிறவருக்கு மட்டும் வைக்கலாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1995 சட்டப்படி இவர்கள் பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எதைப் பற்றி, எவ்வளவு பணத்துக்குப் பேசினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2013-ல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) வந்தது, சட்டமாகவில்லை. நாளைக்கு அப்படி ஒரு சட்டம் வந்து அதைத் தமிழில் எழுத வேண்டியிருந்தால், ‘தரப்புரைப் பதிவேடு’ என்று எழுதிப் பாருங்கள். உறுத்தாமல் உட்காருகிறது. ‘செல்வாக்குத் தேடல் பதிவேடு’ என்று எழுதினால் யார் போய்ப் பதிவு செய்வார்கள்?

உரை என்றால் வாய்ப்பேச்சு மட்டும்தானே, மனுவும் அட்டவணையும் அடங்குமா என்று நெல்லை நண்பர் கேட்டிருந்தார். உரையாசிரியர்கள் எழுதியதெல்லாம் உரைதானே ஐயா, தெளிவுரையும் பொழிப்புரையும் ஏட்டில்தானே இருக்கின்றன. தட்டச்சில் பரப்புரையோடு ஒரே எழுத்துதான் வித்தியாசம், பிழை வரும் என்ற கோவை அக்காவின் கவலை நியாயமானது, அதற்கு என்னிடம் மாற்று இல்லை. பிழைதிருத்தி வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அகராதிப் பதிவுக்கான வரைவு இது: ‘தரப்புரை – பெயர். தொழில், வணிகம் அல்லது வேறு ஏதேனும் ஒரு தரப்பின் நலனுக்காக, சட்டம், வரி, விதி ஆகியவற்றை முடிவு செய்யும் அரசு அமைப்புகளிடம் நேரிலோ எழுத்திலோ வாதிடுதல்.’ வினை தரப்புரைத்தல். ‘வாதிடுதல்’ என்பதா ‘எடுத்துரைத்தல்’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒன்றவில்லை, எழுதுங்கள். எதிர்ப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.