நின்றோடும் லாரியின் சைலன்ஸர் சத்தத்துக்கு ஒரு சொல் வேண்டும்

நாமக்கல், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
குழுவினருக்கு வணக்கம். டீசல் மெக்கானிக் மாணவர்களுக்கான பயிற்சித்தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டிய நிலையில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது சைலன்ஸர் பக்கம் தகடு தட்டுவதுபோல் எழும் சத்தத்தை, ஆங்கிலத்தில் ‘ராட்டில்’ என்பதை, பழைய குறிப்பு ‘அதிர்வொலி’ என்கிறது. அதைப் படிக்கும் மாணவன் நேரே என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கைப் பார்க்கப் போகிறான். இச்சத்தமோ, தளர்ந்த ஒன்று இன்னொன்றில் மோதுவதால் வருவது. சென்ற வாரம் வந்த ஆறு சிலிண்டர் லாரியில் வெப்பத் தடுப்புத் தகட்டை மரக்கட்டையால் அழுத்தியதும் சத்தம் நின்றது, எடுத்ததும் தொடங்கியது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் தானே அடங்கியது. நிமிடத்துக்கு 600 சுற்றில் அந்த என்ஜினில் நொடிக்கு 30 முறை எரிதல் நிகழ்கிறது. தளர்ந்த தகட்டின் இயல்பான அதிர்வெண் அதற்கு அருகில் அமைந்தால் தகடு துள்ளும், வேகம் மாறினால் ஓயும்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தங்கள் குறை நியாயமானது. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்பது தொல்காப்பியத்தின் உரியியல். அங்கே ஒலிக்கு இடமில்லை. ஒலிக்கு அவ்வியலே கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்று நான்கு சொற்களைத் தருகிறது. சும்மா நிற்கும் வண்டி எழுப்புவது சும்மை என்று கொண்டால் எவ்வளவு பொருத்தம்! ‘சும்மா’ என்ற சொல்லே இதன் எதிர்நிலையில் பிறந்ததோ என்று நெடுநாளாக எனக்கு ஓர் ஐயம் உண்டு.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அந்த உறவைத் தாங்கள் நிறுவுவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். மேலும் சும்மை என்பது ஊர்கூடிய ஆரவாரம். கழன்ற ஒரு போல்ட்டுக்கு அது மிகை. நான் ‘கிலுகிலுப்பு’ என்பேன். குழந்தையின் கிலுகிலுப்பையும், சிலம்புக்குள் இடும் அரியும், கூட்டுக்குள் தளர்ந்த ஒன்று மோதி ஒலிப்பவைதாமே? கிலுகிலுப்பைச் செடியின் பேரினப் பெயரான குரோட்டலேரியாவும் கிரேக்கர்களின் தட்டுக்கருவிப் பெயரிலிருந்து வந்ததே. நம் காடுகளில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு அந்தப் பேரினம்தான். முற்றிய காயைக் காதருகே ஆட்டிப் பாருங்கள்.

கரூர், பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர்:
அம்மா, சணப்பங்காயின் சத்தத்தைக் கேட்டு யாரும் பட்டறைக்கு வருவதில்லை. ஆறிய சைலன்ஸரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது, உள்ளே உடைந்து விழுந்த தடுப்புத் தகடு புரளுமே, அதற்கு வேண்டுமானால் கிலுகிலுப்பு என்று வையுங்கள். வெளியே கிளாம்ப்போ தகடோ தளர்ந்திருந்தால், ‘சைலன்ஸர்ல லொடலொடன்னு சத்தம் வருதுங்க’ என்றுதான் டிரைவர் சொல்கிறார். ஆகவே லொடலொடப்பு.

ஈரோடு:
லகரம் மொழிக்கு முதலாகாது. உலோகம்போல் உகரம் சேர்க்கலாமெனில், இரட்டைக்கிளவியின் இரட்டையே சிதைந்துபோகும். ‘கடகடப்பு’ என்று எழுதுங்கள். இலக்கணமும் பிழைக்கும், டிரைவருக்கும் புரியும்.

கோவை:
லகரத்தை விலக்கினால் முதலில் லாரியையே அச்சிட முடியாது, ஐயா. கடகடப்பு என்றால் கல்சாலையில் போகும் மாட்டுவண்டி முழுதும் கண்முன் வருகிறது. ஒரே ஒரு பாகம் தளர்ந்திருப்பது அதில் தெரியவில்லை.

நாமக்கல்:
வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, என்ஜினை ஓடவிட்டுக் கேட்டேன். ‘கடகடப்பு’ என்றதும் இருவர் சக்கரத்தைப் பார்த்தார்கள். ‘லொடலொடப்பு’ என்றதும் ஒருவன் கையுறையை மாட்டிக்கொண்டு கிளாம்ப்பைத் தேடினான். வெளிப்பாகத்துக்கு லொடலொடப்பு, உட்பாகத்துக்குக் கிலுகிலுப்பு என்று தாளை அனுப்பிவிட்டேன். பிழை என்றால் பொறுத்தருள்க.

ஈரோடு:
பொறுத்தேன், ஏற்கவில்லை. அடுத்த அச்சுக்குமுன் எனக்கு ஒரு வாரமாவது தாருங்கள். சும்மை பற்றி இன்னும் எழுத இருக்கிறது.